சிவக்காமல் கறுத்தால் போதுமா? சன்பெட் தரும் நிறத்தின் கணக்கு

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தோலைக் கறுக்க வைப்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. கதவைச் சாத்திக்கொள்ளும்படியான சிறிய அறை. அதில் ஆள் நீளத்துக்கு ஒரு படுக்கை. மேலே அதே நீளத்தில் மூடி. இரண்டிலும் புற ஊதாக் குழல் விளக்குகள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் ஆடை களைந்து, கண்களுக்குச் சிறு கருப்புக் காப்புக் கண்ணாடிகளைப் பொருத்திக்கொண்டு படுப்பார். மூடி இறங்கும், மின்விசிறி ஓடும், நேரக்கருவி ஓடி முடிந்ததும் விளக்குகள் தாமாக அணையும். இதைச் ‘சன்பெட்’ என்கிறார்கள்.

இந்தக் கடைகளில் ஒரு கால அட்டவணை தருவார்கள். முதல் நாள் சில நிமிடங்கள் மட்டும், இடையில் ஒருநாளாவது ஓய்வு, அடுத்த முறை இன்னும் சில நிமிடங்கள் என்று அது போகும். விரும்பிய நிறம் வந்த பிறகு அதைத் தக்கவைக்க வாரம் ஒருமுறை வந்தால் போதும். இந்த அட்டவணைக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: வெயிலில் ஒரே நாளில் வெந்து தோல் உரிவதுதான் ஆபத்து, எரிச்சலும் சிவப்பும் இல்லாமல் படிப்படியாகக் கறுத்தால் கேடில்லை, அப்படி வரும் கறுப்பே பின்னர் கவசமாகவும் நிற்கும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த நம்பிக்கை உண்மைதானா என்பதை உயிரியல், இயற்பியல், நோய்ப்பரவலியல் என மூன்று பக்கமிருந்தும் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருந்தாக வந்த விளக்கு

செயற்கை ஒளியைத் தோலில் பாய்ச்சும் பழக்கம் மருத்துவத்தில்தான் தொடங்கியது. தோலைத் தின்னும் ஒருவகைக் காசநோயைச் செறிவூட்டிய ஒளியால் குணப்படுத்திய டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், எலும்பு வளைந்த ரிக்கெட்ஸ் நோயுள்ள குழந்தைகளைப் பாதரச விளக்கின் ஒளியில் வைத்துத் தேற்றினார். ஐரோப்பாவின் நெடிய குளிர்காலத்தில் ஒளி என்பது உடல்நலத்தின் மறுபெயராகவே ஆனது. வெளுத்த தோல் ஆலைக்குள் அடைபட்ட உழைப்பாளியின் அடையாளமாகவும், பழுப்புத் தோல் கடற்கரையில் ஓய்வெடுக்க வசதியுள்ளவரின் அடையாளமாகவும் மாறியது அதே காலத்தில்தான்.

இன்றைய சன்பெட் 1970களில் ஜெர்மனியில் உருவானது. ஃபிரீட்ரிக் வோல்ஃப் என்பவர் வடிவமைத்த குழல் விளக்குகள் அதற்கு அடித்தளம். அந்தப் பத்தாண்டின் இறுதியில் அது அமெரிக்காவுக்குப் போனது. பழைய விளக்குகள் தோலை விரைவில் எரித்தன. புதிய குழல்களோ ‘யுவி-பி’ எனப்படும் குறுகிய அலைநீளக் கதிர்களைக் குறைத்து, ‘யுவி-ஏ’ எனப்படும் நீண்ட அலைநீளக் கதிர்களைப் பெருமளவில் உமிழ்ந்தன. சிவப்பை உண்டாக்குவது பெரும்பாலும் யுவி-பி. ஆகவே சிவக்காமல் கறுக்கலாம் என்ற விளம்பரம் பிறந்தது. படிப்படியான, பாதுகாப்பான நிறம் என்ற வாக்குறுதியின் வேர் இதுதான்.

தோல் எதற்காகக் கறுக்கிறது?

மேல்தோலின் அடியடுக்கில் மெலனோசைட் எனப்படும் நிறமிச் செல்கள் இருக்கின்றன. அவைதாம் மெலனின் என்ற நிறமியைச் செய்து பக்கத்துச் செல்களுக்குப் பங்கிடுகின்றன. அந்த வேலையை முடுக்கிவிடும் ஆணை எங்கிருந்து வருகிறது என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி.

யுவி-பி கதிர் செல்லுக்குள் புகுந்து டிஎன்ஏ இழையைத் தாக்கும்போது, அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எழுத்துகள் தவறாக ஒட்டிக்கொள்கின்றன. இந்தச் சேதத்தை உணர்ந்ததும் மேல்தோல் செல்களில் பி53 என்ற காவல் புரதம் விழித்துக்கொள்கிறது. புற்றுநோயைத் தடுக்கும் புரதங்களில் முதன்மையானது அது. ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் ஃபிஷரின் ஆய்வுக்குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்கடுத்த கண்ணியைக் கண்டது. பி53 தூண்டும் ஒரு மரபணு வழியாக ஒரு ஹார்மோன் சுரந்து, அது நிறமிச் செல்லின் மேலுள்ள ஏற்பியில் போய் அமர்கிறது. அதன் பிறகே மெலனின் உற்பத்தி தொடங்குகிறது. அதாவது யுவி-பி வழியாக வரும் கறுப்பு, டிஎன்ஏ காயப்பட்ட பிறகு தோல் கொடுக்கும் மறுமொழி. காயம் முந்தியது, நிறம் பிந்தியது. செந்நிறத் தலைமுடியும் வெளிர்தோலும் கொண்ட பலருக்கு அந்த ஏற்பி சரியாக வேலை செய்வதில்லை. அவர்கள் எத்தனை முறை படுத்தாலும் நன்றாகக் கறுப்பதில்லை. சேதம் மட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

யுவி-ஏ தரும் நிறத்தின் கதை வேறு. அது பெரும்பாலும் தோலில் ஏற்கெனவே இருக்கும் மெலனினை ஆக்ஸிஜனேற்றம் செய்து கருமையாக்குகிறது. புதிய நிறமி அதிகம் சேர்வதில்லை. எனவே அடுத்து வரும் வெயிலுக்கு அந்த நிறம் கவசமாக நிற்காது. யுவி-பி தூண்டும் உண்மையான கறுப்புகூட, வெயில்தடுப்புக் களிம்புகளின் காப்புத்திறனைக் குறிக்கும் ‘எஸ்பிஎஃப்’ அளவில் 3 அல்லது 4 அளவுக்கே காக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. தோல் மருத்துவர்கள் வெளியே போகும்போது பூசச் சொல்லும் களிம்பு குறைந்தது எஸ்பிஎஃப் 30. சன்பெட்டில் முன்கூட்டியே கறுத்துக்கொண்டு கடற்கரை விடுமுறைக்குப் போகிறவர்கள் கவசம் அணிந்திருப்பதாக நினைத்து இன்னும் நீண்ட நேரம் வெயிலில் கிடக்கிறார்கள்.

யுவி-ஏ இன்னும் ஆழமாக, தோலின் உள்ளடுக்குவரை ஊடுருவிக் கொலாஜன் இழைகளைச் சிதைக்கிறது. இளவயதிலேயே சுருக்கமும் தொய்வும் வருவது இதனால். மேலும், யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் இன்னொன்றைக் காட்டினார்கள். யுவி-ஏ பட்ட நிறமிச் செல்களில், விளக்கு அணைந்து மூன்று மணி நேரத்துக்கு மேலும் டிஎன்ஏ சேதம் புதிதாக உண்டாகிக்கொண்டே இருந்தது. அதற்குக் காரணமாக இருந்தது, காக்க வேண்டிய மெலனினே. கதிரால் கிளர்ந்த வேதிப்பொருள்கள் மெலனினை ஆற்றல் மிக்க நிலைக்கு ஏற்ற, அந்த ஆற்றல் இருட்டிலும் டிஎன்ஏவுக்குப் போய்ச் சேர்கிறது. நேரக்கருவி நின்றதோடு கணக்கு முடிவதில்லை.

நிமிடக் கணக்கு எதை அளக்கிறது?

அட்டவணையின் அலகு நிமிடம். தோலுக்குப் புரியும் அலகோ அதன்மேல் விழுந்த கதிரின் அளவு. இரண்டுக்கும் நடுவே விளக்கின் வலிமை இருக்கிறது.

ஐரோப்பியத் தரநிலைப்படி, தோலைச் சிவக்கச் செய்யும் திறனை வைத்துக் கணக்கிட்டால், சன்பெட்டின் வலிமை ஒரு சதுர மீட்டருக்கு 0.3 வாட்டைத் தாண்டக் கூடாது. இதை 40ஆல் பெருக்கினால் வானிலை அறிக்கைகளில் வரும் புற ஊதாக் குறியீடு கிடைக்கும்: 12. சென்னையில் ஏப்ரல் மாத உச்சிவெயில் ஏறக்குறைய இந்த அளவைத்தான் தொடுகிறது. சட்டத்துக்குட்பட்ட சன்பெட்டே அவ்வளவு கடுமையானது. டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் 402 சன்பெட்களை அளந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, பத்தில் ஒன்பது இந்த வரம்பை மீறியிருந்தன. சராசரி வலிமை 0.56 வாட். குறியீட்டில் சொன்னால் 22.

இப்போது ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெயிலில் எளிதில் சிவந்துவிடும் வெளிர்தோல்காரர். அவருக்குச் சதுர மீட்டருக்கு 200 ஜூல் அளவில் சிவப்பு தொடங்குகிறது என்று கொள்வோம். வரம்புக்குட்பட்ட சன்பெட்டில் நிமிடத்துக்கு 18 ஜூல் விழும். பத்து நிமிடத்தில் 180. சிவப்பின் எல்லைக்குச் சற்றுக் கீழே. சராசரி வலிமையுள்ள சன்பெட்டில் அதே பத்து நிமிடத்தில் 336 ஜூல் விழும். எல்லையைத் தாண்டி ஒன்றரை மடங்குக்கு மேல். அட்டையில் எழுதியிருக்கும் ‘10 நிமிடம்’ இரண்டு கடைகளில் இரண்டு வெவ்வேறு அளவுகள். ஒரே கடையிலும் குழல்கள் பழகப் பழக வலிமை குறையும். புதிதாக மாற்றிய வாரத்தில் திடீரென ஏறும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1986இல் தந்த வழிகாட்டுதல் இந்தச் சிக்கலைக் கருதியே நிமிடத்தை விட்டுச் சிவப்பளவைக் கொண்டு கணக்கிட்டது: முதல் வாரத்தில், ஒருவரைச் சிவக்கச் செய்யும் குறைந்தபட்ச அளவில் முக்கால் பங்கை மூன்று முறை, அதன் பிறகு மெல்ல ஏற்றுதல். முறையான ஏற்பாடுதான். ஆனால் அது தடுப்பது சிவப்பை மட்டுமே. கண்ணுக்குச் சிவப்பு தெரியாத அளவிலேயே டிஎன்ஏவில் சேதம் உண்டாகிறது என்பதை மனிதத் தோலில் எடுத்த நுண்மாதிரிகள் காட்டிவிட்டன. எரிச்சல் என்பது, சேதம் ஒரு எல்லையைத் தாண்டிய பிறகு கேட்கும் எச்சரிக்கை மணி. மணி ஒலிக்காதபடி பார்த்துக்கொள்வதால் உள்ளே நடப்பது நின்றுவிடுவதில்லை.

மனிதர்களிடம் கண்டது

பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2009இல் சன்பெட்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாசும் இருக்கும் பிரிவு அது. 30 வயதுக்கு முன்பே சன்பெட் பழகியவர்களுக்கு, தோல் புற்றுநோய்களில் கொடியதான மெலனோமாவின் ஆபத்து 75 சதவீதம் கூடுதல் என்று அப்போதைய தொகுப்பாய்வு சொன்னது. உயிரைப் பறிப்பது குறைவு என்றாலும் முகத்தையும் உடலையும் வெட்டிச் சிதைக்கும் மற்ற இரு தோல் புற்றுநோய்களிலும் இதே போக்குதான். 2012இல் வந்த தொகுப்பாய்வில் செதிள்செல் புற்று 67 சதவீதமும், அடித்தளசெல் புற்று 29 சதவீதமும் சன்பெட் பயன்படுத்தியவர்களிடம் கூடுதலாக இருந்தன.

நம் கேள்விக்கு நேரடியாகப் பதில் தருவது அமெரிக்காவின் மினசோட்டா மாநில ஆய்வு. மெலனோமா வந்த 1,167 பேரையும் வராத 1,101 பேரையும் ஒப்பிட்டார்கள். நோய் வந்தவர்களில் சுமார் 63 சதவீதத்தினர் சன்பெட் பயன்படுத்தியிருந்தார்கள். வராதவர்களில் 51 சதவீதத்தினர். அதே தரவை 2014இல் வேறு கோணத்தில் ஆராய்ந்தார்கள்: வாழ்நாளில் ஒருமுறைகூட வெயிலில் வேகாதவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் என்ன ஆகிறது? அவர்களிடையே, நோய் வந்தவர்கள் சன்பெட் பயன்படுத்தியிருக்கும் வாய்ப்பு வராதவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. எரியாமல், சிவக்காமல், அட்டவணை சொன்னபடியே கறுத்தவர்களை அந்தக் கவனம் காப்பாற்றவில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. சன்பெட்டை விரும்புகிறவர்கள் வெயிலையும் விரும்புவார்கள். குற்றம் வெயிலுடையதாக இருக்கலாமே? நோய் வந்தபின் பழைய பழக்கத்தைக் கேட்டால் நினைவு பிசகுமே? இரண்டும் நியாயமான கேள்விகள். மனிதர்களைப் பகுத்து ஒரு சாராரைக் கதிரில் படுக்க வைத்துப் பல்லாண்டு காத்திருக்கும் சோதனையை அறம் அனுமதிக்காது. அதனால் வேறு வழிகளில்தான் விடை தேட வேண்டும். நார்வேயிலும் சுவீடனிலும் 1,06,379 பெண்களிடம், அவர்கள் நலமாக இருந்தபோதே பழக்கங்களைக் கேட்டுப் பதிந்துவிட்டுச் சராசரியாக எட்டு ஆண்டுகள் கண்காணித்தார்கள். மாதம் ஒருமுறையோ அதற்கு மேலோ சன்பெட் சென்றவர்களுக்கு மெலனோமா ஆபத்து 55 சதவீதம் கூடியிருந்தது. நினைவுப் பிசகு இங்கே நுழைய வழியில்லை. அடுத்தது ஐஸ்லாந்து. வெயிலே அரிதான அந்தத் தீவில் 1980களில் சன்பெட் பரவியது. 1990களில் இளம்பெண்களிடம், அதுவும் வழக்கமாக ஆடைக்குள் மறைந்திருக்கும் உடற்பகுதியில், மெலனோமா வேகமாக ஏறியது. அரசும் மருத்துவர்களும் பிரச்சாரம் செய்து பயன்பாடு குறைந்த பிறகு எண்ணிக்கை இறங்கியது. பயண வெயிலுக்கும் இதில் பங்கிருக்கலாம். ஆனாலும் ஏறியதும் இறங்கியதும் சன்பெட்டின் தடத்திலேயே நடந்தன.

ஆய்வுக்கூடச் சான்றும் அதே திசையில் நிற்கிறது. ஒரு மெலனோமாவின் முழு மரபணுத் தொகுதியை 2010இல் வாசித்தபோது 33,000க்கு மேற்பட்ட பிறழ்வுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை புற ஊதாக் கதிர் விட்டுச்செல்லும் தனி முத்திரையைத் தாங்கியிருந்தன.

ஏன் நிறுத்த முடிவதில்லை?

அட்டவணைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. மேல்தோல் சில வாரங்களில் உதிர்ந்துவிடுவதால் நிறத்தைத் தக்கவைக்கத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அதற்கு மேல், நிறமி ஹார்மோனைத் தரும் அதே மூலப் புரதத்திலிருந்து எண்டார்ஃபின் என்ற, அபினைப் போல் இதம் தரும் பொருளும் பிறக்கிறது. ஃபிஷரின் குழு 2014இல் எலிகளுக்கு வாரக்கணக்கில் புற ஊதா ஒளி தந்துவிட்டு, அபினின் விளைவை முறிக்கும் மருந்தைச் செலுத்தியது. எலிகள் நடுங்கின, பற்கள் கிட்டித்தன. போதையை நிறுத்தும்போது வரும் அறிகுறிகள் அவை. மனிதர்களில் நடந்த ஒரு சிறு ஆய்விலும், அடிக்கடி சன்பெட் செல்லும் எட்டுப் பேரில் நால்வருக்கு இத்தகைய மருந்து குமட்டலையும் பதற்றத்தையும் தந்தது. விட முடியாமல் தவிப்பவர்களை அழகு மோகம் பிடித்தவர்கள் என்று பழிப்பதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

வைட்டமின் டியும் மருத்துவ ஒளியும்

சன்பெட்டுக்கு ஆதரவாக அதிகம் சொல்லப்படுவது வைட்டமின் டி. குளிர்நாடுகளில் இந்த வைட்டமின் குறைபாடு உண்மையானது. கறுத்த தோலுடன் அங்கே குடியேறியவர்களுக்கு இன்னும் உண்மை. கண்டியில் வாழும் இலங்கையரையும் நார்வேயில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில், நார்வேயில் இருப்பவர்களின் ரத்தத்தில் இந்த வைட்டமின் மிகவும் குறைந்திருந்தது. ஆனால் அதைத் தோலில் உருவாக்குவது யுவி-பி. சன்பெட் பெருமளவில் தருவதோ யுவி-ஏ. மாத்திரையிலும் மீனெண்ணெயிலும் கிடைப்பதற்காகப் புற்றுநோய்க் காரணியின் கீழ் படுக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஆணையத்தின் அறிவியல் குழு 2016இல் அளித்த கருத்தும் இதுவே. சன்பெட் கதிருக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை எனவும் அக்குழு அறிவித்தது.

மருத்துவமனைகளே ஒளிச்சிகிச்சை தருகின்றனவே என்று சிலர் கேட்பார்கள். தருகின்றன. வெண்புள்ளிக்கும் சொரியாசிசுக்கும் நம் ஊர்த் தோல் மருத்துவப் பிரிவுகளிலும் 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள யுவி-பி ஒளி பயன்படுகிறது. அங்கே நடப்பதைக் கவனித்தால் வேறுபாடு விளங்கும். அளவை முறையாகக் கண்டறிய, ஒளிபுகா உறையில் வரிசையாகச் சிறு சதுரத் துளைகள் வெட்டி நோயாளியின் முதுகில் ஒட்டுவார்கள். ஒவ்வொரு துளைக்கும் ஒவ்வோர் அளவு ஒளி. மறுநாள் பார்த்து, லேசாகச் சிவந்த சதுரங்களில் மிகக் குறைந்த அளவு பெற்றது எது என்று குறிப்பார்கள். அதில் சுமார் 70 சதவீதத்தில் சிகிச்சை தொடங்கும். விளக்கின் வலிமை அவ்வப்போது அளக்கப்படும். அமர்வுகளின் எண்ணிக்கை நோயாளியின் கோப்பில் ஏறும். படிப்படியாகக் கூட்டுவது அங்கும் உண்டு. அது நோயைத் தீர்க்கும் பயனுக்காக, ஆபத்தை எடைபோட்டு, முடிவுத் தேதியோடு செய்யப்படுவது. நலமான தோலுக்கு ஈடுகட்டும் பயன் எதுவும் இல்லை.

நாடுகள் எடுத்த முடிவு

பிரேசில் 2009இலேயே அழகுக்கான சன்பெட்களை முற்றிலும் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னைச் சேர்ந்த கிளேர் ஆலிவர், மெலனோமாவால் 26 வயதில் 2007இல் இறந்தார். கடைசி வாரங்களில் அவர் தொலைக்காட்சியில் தோன்றிச் சன்பெட் வேண்டாம் என்று இளைஞர்களைக் கெஞ்சியது நாட்டை உலுக்கியது. 2016 தொடங்குவதற்குள் அந்நாட்டின் மாநிலங்கள் அனைத்தும் வணிகச் சன்பெட்களுக்குத் தடை விதித்துவிட்டன. இங்கிலாந்தும் வேல்ஸும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக 18 வயதுக்குட்பட்டவர்களை மட்டும் தடுத்தன. அமெரிக்காவில் 2014 முதல் 18 வயதுக்குட்பட்டோர் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை கருவியிலேயே இருக்க வேண்டும். அதே நாட்டில் சன்பெட் தொழில் சங்கம், இது பாதுகாப்பானது என்று செய்த விளம்பரங்களுக்காக 2010இல் மத்திய வணிக ஆணையத்தின் குற்றச்சாட்டைச் சந்தித்து, அத்தகைய கூற்றுகளைக் கைவிட ஒப்புக்கொண்டது.

வயது வரம்பு தேவைதான். ஆனால் 18ஆவது பிறந்தநாளில் டிஎன்ஏவின் இயல்பு மாறிவிடுவதில்லை. ஆஸ்திரேலியாவின் வழியே சரியான வழி என்று நான் கருதுகிறேன்.

நிறம்தான் வேண்டுமென்றால்

பழுப்பு நிறத்தை விரும்புவது குற்றமல்ல. அதைப் பெற ஒளியில்லாத வழி இருக்கிறது. டைஹைட்ராக்ஸிஅசிட்டோன் என்ற சர்க்கரை வகைப் பொருள், தோலின் மேலோட்டமான இறந்த செல்களிலுள்ள அமினோ அமிலங்களோடு சேர்ந்து பழுப்பாகிறது. 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில், இதை வாய்வழி மருந்தாகக் குடித்த குழந்தைகளின் தோலில் சிந்திய இடம் பழுப்பானதை ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர் கவனித்ததிலிருந்து இப்பயன் பிறந்தது. கடைகளில் விற்கும் ‘செல்ஃப் டேன்’ களிம்புகளின் சரக்கு இதுதான். ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். தெளிக்கும் முறையில் மூச்சுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த நிறமும் வெயிலிலிருந்து காக்காது; களிம்பும் தொப்பியும் நிழலும் அப்போதும் தேவை.

சான்றுகள் அனைத்தையும் அடுக்கிப் பார்த்தால் முடிவு தெளிவு. படிப்படியாகக் கூட்டுவது தோல் வேகாமல் காக்கும், புற்றுநோயிலிருந்து காக்காது. சன்பெட்டில் பாதுகாப்பான அட்டவணை என்று ஒன்று இல்லை.

குளிர்நாடுகளில் வாழும் வாசகர்களுக்கும், அங்கே படிக்கும் வேலை செய்யும் பிள்ளைகளை உடையவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நண்பர்களோ வீட்டாரோ சன்பெட் பழக்கத்தில் இருந்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளும், ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில நீர் மாத்திரைகளும் தோலைக் கதிருக்கு இன்னும் கூசச் செய்யும் என்பதையும் சொல்லுங்கள். முன்பு பழகியவர்கள் மாதம் ஒருமுறை தங்கள் மச்சங்களைப் பார்க்கட்டும்: இருபாதியும் ஒத்திராதது, ஓரம் கலைந்தது, பல நிறம் கொண்டது, 6 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்தது, சில வாரங்களில் உருமாறியது என எது கண்ணில் பட்டாலும் தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடக்கத்திலேயே கண்டு வெட்டியெடுத்தால் மெலனோமாவும் பெரும்பாலும் குணமாகிவிடும்.